மூல அறுவை சிகிச்சை: கத்திக்கு முன்னும் பின்னும்

தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் போனாலும் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மூலம், பௌத்திரம், விரைவீக்கம் என்று வரிசையாக நோய்களின் பெயர். ஆபரேஷன் கிடையாது, ஒரே நாளில் குணம் என்ற உத்தரவாதம். கீழே ஒரு கைப்பேசி எண். மருத்துவரின் பதிவு எண் மட்டும் இருக்காது. இப்போது அதே உத்தரவாதம் கைப்பேசித் திரைக்கும் வந்துவிட்டது. காலையில் லேசர், மாலையில் வீடு, மறுநாள் அலுவலகம் என்று படங்களோடு விளம்பரம் ஓடுகிறது.

இந்த விளம்பரங்களை நம்பிப் போகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். வங்கி அதிகாரி போகிறார், பேராசிரியர் போகிறார், மூன்று பிள்ளை பெற்ற அம்மாவும் போகிறார். இதயத்தில் அடைப்பு என்றால் பத்துப் பேரிடம் விசாரித்து மருத்துவரைத் தேடுகிறவர்கள், ஆசனவாயில் ரத்தம் என்றால் ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை. விசாரிக்காமல் எடுக்கிற முடிவு விளம்பரத்தின் முடிவாகத்தான் இருக்கும். மூல நோயில் நடக்கிற பெரும்பாலான தவறுகளுக்கு இந்த வெட்கமே காரணம்.

இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். யாருக்கு அறுவை சிகிச்சை தேவை, அதை யாரிடம் செய்துகொள்வது, செய்துகொண்டபின் வரும் ஆறு வாரங்களை எப்படிக் கடப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில்கள் உண்டு.

எல்லோருக்கும் இருப்பதுதான்

மூலம் என்றதும் புதிதாக ஏதோ கட்டி முளைத்துவிட்டதாகப் பலர் பயப்படுகிறார்கள். ஆசனவாயின் உட்புறத்தில் ரத்தக்குழாய்களும் மென்தசையும் இணைப்புத்திசுவும் சேர்ந்த மெத்தை போன்ற மூன்று திரட்சிகள் பிறவியிலேயே எல்லோருக்கும் உண்டு. ஆசனவாய் கசியாமல் மூடியிருக்க உதவுவது இவற்றின் வேலை. ஓய்வு நிலையில் ஆசனவாயை மூடிவைக்கும் அழுத்தத்தில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் இந்தத் திரட்சிகளால்தான் வருகிறது.

வருடக்கணக்கில் முக்கி மலம் கழிப்பது, நெடுநேரம் கழிப்பறையில் உட்கார்ந்திருப்பது, கர்ப்ப காலத்து அழுத்தம், வயதால் இணைப்புத்திசு தளர்வது போன்ற காரணங்களால் இந்தத் திரட்சிகள் வீங்கி, பிடிமானம் விட்டுக் கீழே சரிகின்றன. இப்படிச் சரிவதே மூல நோயின் அடிப்படை என்ற விளக்கத்தை 1975இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் தாம்சன் முன்வைத்தார். இன்றைய சிகிச்சைகள் பலவும் அந்தப் புரிதலின் மேல் நிற்கின்றன.

சரிவின் அளவை வைத்து உள்மூலத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ரத்தம் மட்டும் வந்து, எதுவும் வெளியே தள்ளாமல் இருப்பது முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானே உள்ளே போய்விடுவது இரண்டாம் நிலை. விரலால் தள்ளினால்தான் உள்ளே போகும் என்பது மூன்றாம் நிலை. எப்போதும் வெளியிலேயே இருப்பது நான்காம் நிலை. தனக்கு எந்த நிலை என்று தெரியாமல் சிகிச்சை முறையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசனவாய்க் குழாயின் நடுவில் பற்கள் போன்ற ஒரு கோடு ஓடுகிறது. அதற்கு மேலே உள்ள பகுதிக்கு வெட்டு வலி தெரியாது; கீழே உள்ள தோலுக்கு உடலிலேயே மிக நுட்பமான வலி உணர்வு உண்டு. அதனால் கோட்டுக்கு மேலே வரும் உள்மூலத்தில் ரத்தம் கொட்டினாலும் பொதுவாக வலிக்காது. மலம் கழிக்கும்போது கத்தியால் கிழிப்பது போல் வலித்தால் அது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு. திடீரென ஒரு நீலநிற உருண்டை திரண்டு, உட்காரவே முடியாமல் வலித்தால் அது ரத்தம் உறைந்த வெளிமூலம். இப்படி உறைந்ததை முதல் 72 மணி நேரத்துக்குள் அகற்றினால் வலி விரைவில் தீரும். அதற்குமேல் தாமதமானால் பெரும்பாலும் மருந்தும் வெந்நீர்க் குளியலுமே போதும்.

ரத்தமெல்லாம் மூலம் அல்ல

ரத்தம் வந்ததும் தனக்கு மூலம்தான் என்று தானே முடிவுகட்டி, மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவி வருடங்களைக் கடத்துகிறவர்கள் ஏராளம். மலக்குடல் புற்றுநோயும் இதே போல ரத்தமாகத் தலைகாட்டலாம். மலத்தோடு கலந்து வரும் ரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாமல் குறையும் எடை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது வயது 45ஐத் தாண்டியிருந்தாலும், பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மூலம் இருப்பது உறுதியானாலும், கூடவே வேறு ஒன்று இல்லை என்று அது சொல்லிவிடாது.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. வருடக்கணக்கில் மூலத்தில் ரத்தம் போய் ஹீமோகுளோபின் சரிந்திருக்கும். களைப்பையும் மூச்சு வாங்குவதையும் மாதவிடாய்க் கணக்கில் எழுதி, இரும்புச்சத்து மாத்திரையோடு விட்டுவிடுவார்கள். ரத்தசோகைக்கு மருத்துவரிடம் போகும் பெண்கள் ஆசனவாய் ரத்தப்போக்கையும் தயங்காமல் சொல்ல வேண்டும்.

கத்தி யாருக்குத் தேவை?

மூல நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. முதல் நிலையிலும் இரண்டாம் நிலையிலும் நார்ச்சத்து, தண்ணீர், கழிப்பறைப் பழக்கம் ஆகியவற்றைச் சீர்செய்தாலே பலருக்கு ரத்தம் நின்றுவிடும். அதற்கும் அடங்காத இரண்டாம் நிலைக்கும், மூன்றாம் நிலையில் சிலருக்கும் ரப்பர் பேண்ட் சிகிச்சை இருக்கிறது. திரட்சியின் அடியில் சின்ன ரப்பர் வளையத்தை மாட்டுவார்கள். ரத்த ஓட்டம் நின்று ஐந்து முதல் பத்து நாட்களில் அது உதிர்ந்துவிடும். புறநோயாளியாகவே செய்துகொள்ளலாம். 1960களிலிருந்து உலகம் முழுக்கப் பழகிய இந்த எளிய முறையை நம்மூர் விளம்பரங்களில் பார்க்கவே முடியாது. இதில் பெரிய வருமானம் இல்லை.

மூலம் பெரிதாகத் தள்ளிய மூன்றாம், நான்காம் நிலைகளிலும், பேண்ட் போட்டும் ரத்தம் நிற்காதபோதும், உள்மூலமும் வெளிமூலமும் சேர்ந்திருக்கும்போதும் அறுவை சிகிச்சை வருகிறது. அதில் நீண்டகால அளவுகோலாக நிற்பது, மில்லிகன், மார்கன் இருவரின் பெயரால் 1937 முதல் வழங்கிவரும் திறந்த அறுவை முறை. லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் பிறந்தது அது. 1835இல் ஃபிரெடரிக் சால்மன் என்ற அறுவை மருத்துவர், ஆசனவாய் நோய்களால் அவதிப்பட்ட ஏழைகளுக்காகவே ஏழு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை இது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841இல் பௌத்திர அறுவை செய்தவரும் இதே சால்மன்தான். மயக்க மருந்து வராத காலம் அது.

1990களில் இத்தாலிய மருத்துவர் லோங்கோ ஸ்டேப்ளர் முறையைக் கொண்டுவந்தார். சரிந்த சவ்வை வட்டமாக வெட்டி, மேலே இழுத்துத் தைக்கும் கருவி அது. வலி குறைவு என்பதால் வேகமாகப் பரவியது. இதைப் பழைய அறுவை முறையோடு ஒப்பிட்டு, பிரிட்டனில் 777 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. முதல் சில வாரங்களில் ஸ்டேப்ளரில் வலி குறைவுதான். ஆனால் இரண்டு ஆண்டுகளை மொத்தமாகப் பார்த்தால் பழைய அறுவை முறையில்தான் நோய் திரும்புவது குறைவாகவும், நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் மேலாகவும் இருந்தது. அதே ஆண்டு, அதே இதழில் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு, ரத்தக்குழாயைத் தேடித் தைக்கும் முறையை ரப்பர் பேண்டோடு ஒப்பிட்டது. ஒருமுறை மட்டும் பேண்ட் போட்டவர்களில் ஓராண்டுக்குள் 49 சதவீதம் பேருக்கும், தையல் முறையில் 30 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. ஆனால் பேண்டைத் தேவைக்கேற்ப மறுபடி போடலாம், முதல் வார வலியும் அதில் குறைவு.

லேசர் என்ற ஒரே சொல்லின் கீழும் பல விஷயங்கள் விற்கப்படுகின்றன. திரட்சிக்குள் லேசர் நாரைச் செலுத்திச் சுருக்குவது ஒரு முறை. கத்திக்குப் பதிலாக லேசரால் வெட்டுவது இன்னொன்று. முதல் முறையில் வலி குறைவு, ஆனால் பெரிதாகத் தள்ளிய மூலத்துக்கு அது பொருந்தாது. இரண்டாவதில் புண் புண்தான். எல்லா மூலத்துக்கும் ஒரே முறையை விற்கிறவரிடம் கவனமாக இருங்கள்.

எதை விட்டுவைப்பது என்று தெரிந்தவர்

மூல அறுவையில் மருத்துவரின் கைத்திறம் எங்கே தெரிகிறது? மூன்று இடங்களில் மூலத்தை அகற்றும்போது, ஒவ்வொரு புண்ணுக்கும் இடையே நல்ல தோலையும் சவ்வையும் பாலம் போல் விட்டுவைக்க வேண்டும். ஆறும்போது அந்தப் பாலங்களிலிருந்துதான் புதுத்தோல் பரவும். ஒட்டுமொத்தமாக வழித்தெடுத்துவிட்டால் ஆசனவாய் சுருங்கி, பென்சில் கனத்தில் மலம் போகும் நிலை வரும். கீழே இருக்கும் சுருக்குத்தசையைக் காயப்படுத்தினால் மலத்தையும் வாயுவையும் அடக்க முடியாமல் போகும். பதிவு பெறாதவர்கள் அரிக்கும் ரசாயனங்களை ஊசியில் ஏற்றும்போது திசு அழுகி, இதே சுருக்கம் இன்னும் மோசமாக நேர்கிறது.

ஆகவே நல்ல மருத்துவரை அவர் விட்டுவைப்பதைக் கொண்டே அடையாளம் காணலாம். தேவையில்லாத அறுவையை விட்டுவிடுவார். அறுவையின்போது நல்ல திசுவை விட்டுவைப்பார். அறுவைக்குப் பின் நோயாளியை மட்டும் விட்டுவிட மாட்டார்.

முதலில் தகுதி. பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். முடித்தவர்கள் மூல அறுவையை முறையாகப் பயின்றவர்களே. இரைப்பை குடல் அறுவையில் எம்.சிஎச். அல்லது பெருங்குடல், மலக்குடல் அறுவையில் தனிப்பயிற்சி பெற்றவர் என்றால், சிக்கலான மூலத்துக்கும் இரண்டாம் முறை அறுவைக்கும் கூடுதல் பலம். ஒவ்வொரு மருத்துவரும் தன் பதிவு எண்ணை மருந்துச்சீட்டில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. அதைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது அறுவைத் துறையிலும் இந்த அறுவை நடக்கிறது. பணம் இல்லை என்பதற்காகச் சுவரொட்டி எண்ணை அழைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

தகுதிக்கு அடுத்தது பரிசோதனை. விரலாலும் புராக்டோஸ்கோப் குழாயாலும் பார்க்காமல், நோயாளி சொன்னதை மட்டும் கேட்டு அறுவைக்குத் தேதி கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். பரிசோதனை சில நிமிடங்களே ஆகும். பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம். ஆண் மருத்துவர் என்றால் பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

அதன்பின் கேள்விகள். எனக்கு எந்த நிலை? ரப்பர் பேண்ட் போதாதா? இந்த முறையை எனக்கு ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்? மற்ற முறைகளையும் நீங்கள் செய்கிறீர்களா? நோய் திரும்ப எவ்வளவு வாய்ப்பு? நீங்களேதான் எனக்கு அறுவை செய்வீர்களா? பத்தாம் நாள் இரவு ரத்தம் வந்தால் யாரை அழைப்பது? ஸ்டேப்ளர், லேசர் நார் போன்றவற்றுக்குத் தனிக் கட்டணமா, மொத்தம் எவ்வளவு? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரே உங்கள் மருத்துவர். எரிச்சல்படுபவர் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும் வேண்டாம்.

நீங்களும் மறைக்கக் கூடாதவை உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், சர்க்கரை நோய், கல்லீரல் நோய், மதுப்பழக்கம், கர்ப்பம் ஆகியவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். கல்லீரல் சுருக்க நோயில் ஆசனவாய்க்கு அருகே புடைக்கும் ரத்தக்குழாய்கள் மூலம் போலவே தோன்றும்; அவற்றை வெட்டினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பகால மூலம் பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே அடங்கும்.

முதல் மூன்று நாட்கள்

அறுவை முடிந்த அன்று இரவு வரும் முதல் சிக்கல் பலரும் எதிர்பார்க்காதது. சிறுநீர் வராது. முதுகுத்தண்டு மயக்க ஊசியும் வலியால் இறுகும் தசையும் இதற்குக் காரணம். வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்தால் பலருக்கு வந்துவிடும். ஆறேழு மணி நேரமாகியும் வராவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழாய் வைத்து எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது.

திறந்த அறுவையில் புண்ணைத் தைக்காமல் விடுவது பல குடும்பங்களைப் பதறவைக்கிறது. சீழ் தேங்காமல் வடியவே அப்படி விடுகிறார்கள். நான்கு முதல் ஆறு வாரங்களில் அது உள்ளிருந்து ஆறிவரும். மஞ்சள் நிறக் கசிவும் லேசான ரத்தக்கறையும் இரண்டு வாரம் வரை இருக்கும். சானிட்டரி பேட் வைத்துக்கொள்வது வசதி, ஆண்களும் கூச்சப்படாமல் பயன்படுத்தலாம்.

வலியைப் பொறுத்துக்கொள்வதில் வீரம் எதுவும் இல்லை. வலி வந்தபின் மாத்திரை தேடாமல், சொன்ன நேரத்துக்குப் போட வேண்டும். புண்ணைவிடச் சுருக்குத்தசையின் இறுக்கமே வலியைப் பெரிதாக்குகிறது. அதைத் தளர்த்தும் டில்டியாசெம் களிம்பை மருத்துவர் தரக்கூடும். ட்ரமடால் போன்ற வலிநிவாரணிகள் மலத்தைக் கட்டிவிடும் என்பதால், மலமிளக்கியைக் கூடவே எடுக்க வேண்டும்.

எல்லோரும் பயப்படுவது முதல் மலம். பயத்தில் சாப்பாட்டைக் குறைப்பார்கள், வந்த உணர்வை அடக்குவார்கள். அடக்க அடக்க மலம் கெட்டியாகி, கடைசியில் புண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். இரண்டு, மூன்று நாட்களுக்குள் இளகிய மலமாகப் போய்விடுவதே நல்லது. மூன்று நாளாகியும் போகவில்லை என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். முதல்முறை வலிக்கும். உடனே வெதுவெதுப்பான நீர் நிரம்பிய அகலமான பேசினில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் தசை தளர்ந்து வலி இறங்கும். தினமும் மூன்று முறையும், ஒவ்வொரு முறை மலம் கழித்த பின்னும் இப்படி உட்காரலாம். வெறும் தண்ணீரே போதும். மருத்துவர் சொல்லாமல் டெட்டால் கலப்பது புண்ணை எரிக்கும். பிறகு தேய்க்காமல், மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

இரண்டாம் வாரத்தில் எச்சரிக்கை

ஏழெட்டு நாளில் வலி குறைந்ததும் நோயாளி பைக்கை எடுத்துவிடுவார். அப்போதுதான் கவனம் அதிகம் தேவை. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் புண்ணின் பொருக்கு உதிரும்போது, சிலருக்குத் திடீரென ரத்தம் பீறிடும். அரிதுதான், ஆனால் வீட்டில் சமாளிக்கக்கூடியது அல்ல. இந்த இரண்டு வாரமும் மருத்துவமனை வசதி இல்லாத ஊருக்குப் பயணம் வேண்டாம், பளு தூக்க வேண்டாம். மேசை வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்திலும், உடல் உழைப்புக்கும் நெடுந்தூர வண்டிப் பயணத்துக்கும் மூன்று, நான்கு வாரத்துக்குப் பிறகு மருத்துவரைக் கேட்டும் திரும்பலாம். தினக்கூலியில் வாழ்பவர்கள் இந்த நாட்களுக்கான வருமான இழப்பையும் கணக்கிட்டே தேதி குறிக்க வேண்டும். நல்ல மருத்துவர் அதையும் கேட்டுத் திட்டமிடுவார்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

- நிற்காமல் வரும் ரத்தம், கட்டி கட்டியாக வரும் ரத்தம், தலைசுற்றல்
- காய்ச்சல், குளிர்நடுக்கம்
- குறைந்துவந்த வலி மறுபடி ஏறுவது
- சிறுநீர் கழிக்க முடியாமல் போவது
- ரப்பர் பேண்ட் போட்டபின் வலி, காய்ச்சல், சிறுநீர் அடைப்பு மூன்றும் சேர்ந்து வருவது (அரிது என்றாலும் உயிருக்கு ஆபத்தான தொற்றாக இருக்கலாம்)

சாப்பாடும் கழிப்பறையும்

கோழிக்கறி தின்றதால் மூலம் வந்தது, உடம்புச் சூட்டால் வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். கோழிக்கறி மூலத்தை உண்டாக்குவதில்லை. கறியும் வெள்ளைச் சோறும் மட்டும் தட்டில் இருந்து, காய்கறியும் கீரையும் காணாமல் போவதே பிரச்சினை. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். கேழ்வரகு, கம்பு, கொண்டைக்கடலை, அவரை, வாழைத்தண்டு, கீரை, கொய்யா எல்லாம் நம் சந்தையிலேயே கிடைப்பவை. இசப்கோல் உமியை எடுத்தால் கூடவே தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்; தண்ணீர் இல்லாத உமி மலத்தை இறுக்கிவிடும். புண் ஆறும்வரை காரத்தைக் குறைத்தால் எரிச்சல் குறையும்.

கழிப்பறையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், கைப்பேசியை வெளியே வைத்துவிடுங்கள். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலடியில் சின்ன முக்காலி வைத்து முழங்காலை உயர்த்தினால் முக்காமல் போகும். இந்தப் பழக்கங்கள் மாறாவிட்டால் எவ்வளவு சிறந்த கையால் அறுத்தாலும் மூலம் திரும்ப வரலாம்.

இவையெல்லாம் நடக்க, முதலில் வீட்டில் ஒருவரிடமாவது சொல்ல வேண்டும். வெந்நீர் போட, மாத்திரை நேரத்தை நினைவூட்ட, நள்ளிரவில் வண்டி எடுக்க ஒருவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்பாவோ மனைவியோ கழிப்பறையில் அதிக நேரம் செலவிட்டால், உட்காரும்போது முகம் சுளித்தால், நீங்களே கேளுங்கள். ரத்தம் வருகிறதா என்ற ஒரு கேள்வியைச் சத்தமாகக் கேட்கும் வீட்டில், பேருந்து நிலையச் சுவரொட்டிக்கு வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். இந்த வாரமே கேளுங்கள், மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.